ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வந்துவிட்டது, வீட்டுக்கு?

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் எங்கள் கிராமம். ஊராட்சி அலுவலகத்தில் மத்திய அரசின் இணையத் திட்டமான பாரத்நெட்டின் பெட்டி மாட்டிப் பல மாதமாகிறது. வீடுகளுக்கு எப்போது தருவார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இதற்கிடையில் எங்கள் கேபிள்காரர் ஃபைபர் இணைப்பு தருகிறேன் என்கிறார். ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் மோடம் இலவசமாம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். செல்போன் சிக்னல் மொட்டைமாடியில்தான் கிடைக்கிறது. அரசு இணைப்புக்குக் காத்திருக்கலாமா, இவரிடமே வாங்கிவிடலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம், வாங்குங்கள். ஆனால் ஓராண்டுப் பணத்தை ஒரே தவணையில் கொடுத்துவிடாதீர்கள்.

நாட்டின் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளையும் ஃபைபரால் (ஒளியிழைக் கேபிளால்) இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2011 அக்டோபரில். இரண்டு ஆண்டில் முடிப்பதாகத்தான் அப்போது பேச்சு. 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. முதல் கட்டமாக ஒரு லட்சம் ஊராட்சிகளை எட்டவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்திய திட்டம் வந்தது; ஐந்தாண்டில் ஒன்றரைக் கோடி கிராமத்து வீடுகளுக்கு இணைப்பு என்பது அதன் இலக்கு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனத்திடம் இருக்கிறது. இவ்வளவு பெரிய வேலையை அரசு எடுத்துச் செய்வது அவசியம் என்றே நான் நினைக்கிறேன். லாபம் வராத ஊருக்குத் தனியார் தானாகக் கேபிள் இழுத்து வரமாட்டார்கள். ஆனால் உங்கள் மகளின் செமஸ்டர் அதுவரை காத்திருக்காது.

ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வருவதும் உங்கள் வீட்டுக்கு வருவதும் வெவ்வேறு வேலைகள். மேல்நிலைத் தொட்டி கட்டியாகிவிட்டது, தெருக்குழாய் இன்னும் போடவில்லை என்பதுதான் உங்கள் ஊரின் நிலை. அந்தக் கடைசி அரை கிலோமீட்டரை யாராவது கம்பம் கம்பமாக இழுத்து, அறுந்தால் வந்து ஒட்டவும் வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை உள்ளூர் ஆட்கள் கையில்தான் இருக்கும். பாரத்நெட்டின் தொடக்க அமைப்பில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு ஒற்றை வழியாகவே கேபிள் போனது. நடுவில் சாலை தோண்டும் பொக்லைன் ஓரிடத்தில் அறுத்தால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் மொத்தமும் இருட்டு. திருத்திய திட்டத்தில் வளையமாக இணைப்பதால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றி வந்துவிடும். ஊராட்சியில் பெட்டி இருந்தும் இணையம் இல்லாமல் போவதற்கு இந்த ஒற்றை வழி ஒரு முக்கியக் காரணம்.

இனி உங்கள் கேபிள்காரர். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது: பில் யார் பெயரில் வரும்? தனக்கே உரிமம் இல்லாவிட்டால், உரிமம் பெற்ற ஏதோ ஓர் இணைய நிறுவனத்தின் முகவராகத்தான் அவர் இணைப்பு தர முடியும். அந்த நிறுவனத்தின் பெயரும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். வெறும் துண்டுச்சீட்டு தந்தால் நாளைக்குப் புகார் சொல்ல உங்களுக்கு இடமே இருக்காது. அடுத்தது, உங்கள் தெருவிலேயே அவரிடம் வாங்கியிருக்கும் இரண்டு வீடுகளில் விசாரியுங்கள். வேகத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். போன மழையில் அறுந்தபோது எத்தனை நாளில் வந்தார் என்று கேளுங்கள். மின்கம்பங்களில் தொங்கும் கேபிள் காற்றுக்கும் கிளைக்கும் வைக்கோல் லாரிக்கும் அறுபடத்தான் செய்யும். ஒட்டுகிற ஆளும் இயந்திரமும் பக்கத்தில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

அதனால்தான் முதலில் மாதச் சந்தா, அதிகம் போனால் மூன்று மாதம் என்கிறேன். மோடத்துக்குத் தனியாகப் பணம் கேட்டால், அது விலையா திரும்பக் கிடைக்கும் முன்பணமா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். 399 ரூபாய் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய் ஆகும். அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் மோடமும் அணைந்துவிடும். பழைய செம்புக்கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், ஃபைபருக்கு அந்த வசதி இல்லை. உங்கள் பக்கம் மின்தடை அதிகம் என்றால் மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இணைய வேகம் 30 எம்பிபிஎஸ் போதுமா, 100 எடுக்க வேண்டுமா?

பதில்: நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 தாராளம். ஆன்லைன் வகுப்புக்குச் சில எம்பிபிஎஸ்தான் செலவாகும். அதைவிட, மாத டேட்டா வரம்பு தாண்டிய பிறகு என்ன வேகம் என்று பாருங்கள். 100 எடுத்தவர்கள் பலருக்கும் பின்னறையில் 20கூட வராது. குறை இணைப்பில் இருக்காது, ரவுட்டரை மூலையில் ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் வைத்ததில் இருக்கும்.

கேள்வி: என் இணைப்பு எட்டு நாளாக வேலை செய்யவில்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. போனை எடுத்தால் 'நாளைக்கு' என்கிறார்கள். டிராய்க்கு எழுதலாமா?

பதில்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. சிவப்பு விளக்கு மின்னுவது, ஒளி உங்கள் மோடம் வரை வரவில்லை என்பதன் அடையாளம். ஒன்று கேபிள் அறுந்திருக்கும், அல்லது எங்கோ வளைந்து நசுங்கியிருக்கும். மோடத்தை அணைத்துப் போட்டுப் பயனில்லை. உள்ளூர்க்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னது புகார் ஆகாது. பில்லில் இருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். மேல்முறையீடு செய்ய உங்களுக்கு 30 நாள் அவகாசம், கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இடையில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

தொலைத்தொடர்பு வழக்குகள் எங்கள் வரம்பில் வராது என்று நுகர்வோர் மன்றங்களில் திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. புகார் எண், பணம் கட்டிய ரசீது, சிவப்பு விளக்கு எரியும் மோடத்தின் படம், இந்த மூன்றையும் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.