மலையடிவார மனையும் வறண்ட ஓடையும்

கேள்வி: மலையடிவாரத்தில் ஒரு மனை பார்த்திருக்கிறோம். பள்ளத்தாக்கிலிருந்து ஓர் ஓடை வெளியே வரும் வாய்க்குச் சற்றுக் கீழே, விசிறியை விரித்தாற்போல் சரிந்து இறங்கும் நிலம். ஓடை பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த 70 வயதுப் பெரியவர், "என் காலத்தில் இங்கே வெள்ளம் ஏறியதே இல்லை" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: பெரியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவரால் 70 ஆண்டுக்குத்தான் சாட்சி சொல்ல முடியும். அதற்கு முந்தைய சாட்சி அந்த நிலம்தான். "விசிறியை விரித்தாற்போல்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

புவியியலில் இதற்கு வண்டல் விசிறி என்று பெயர். குறுகிய பள்ளத்தாக்கில் வேகமாக வரும் ஓடை, வெளியே வந்ததும் சரிவு குறைந்து, பரவி, சுமந்து வந்ததை இறக்கிவைக்கிறது. தடம் மேடாகிவிட்டால், அடுத்த பெருவெள்ளம் பக்கத்தில் தாழ்வாக உள்ள இடத்தைத் தேடிப் போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி இடமும் வலமுமாக மாறி மாறி ஓடித்தான் அந்த விசிறி உருவாகிறது. ஓடை இப்போது ஓரமாகக் கிடக்கலாம். விசிறி முழுவதும் அது எப்போதோ ஓடிய இடம்தான்.

அடுத்துத் தெரிய வேண்டியது, விசிறியைக் கட்டியது வெறும் வெள்ளமா, பாறையும் சேறும் கலந்த பெருக்கா என்பது. இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. கிணறு தோண்டிய குழியோ, அறுந்து நிற்கும் ஓடைக்கரையோ பக்கத்தில் இருந்தால் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மணலும் கூழாங்கல்லும் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தால் தண்ணீர் கொண்டுவந்தவை. பெரிய கல்லும் சிறிய கல்லும் எந்த ஒழுங்கும் இல்லாமல் சேற்றுக்குள் பதிந்திருந்தால், கலந்து கொட்டிய கான்கிரீட்டைப்போல் பாறைச்சேறு வந்து உறைந்த இடம் அது. அந்த ஓடைத் தண்ணீரால் ஒருபோதும் புரட்ட முடியாத அளவுப் பாறைகள் மேலே சிதறிக் கிடக்கின்றனவா? பழைய தடத்தின் இரு பக்கமும் கல் வரம்புகள் ஓடுகின்றனவா? பழைய மரங்களில் மலையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் தழும்பு இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் நான் அந்த மனைக்கு முன்பணம்கூடக் கொடுக்க மாட்டேன்.

1999 டிசம்பரில் வெனிசுவேலாவின் வர்காஸ் கடலோரத்தில் நடந்தது இதுதான். மூன்றே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. கராபயேதா நகரம் விரிந்திருந்தது இப்படியொரு விசிறியின்மேல். மலையிலிருந்து வந்த பாறைகள் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களை இடித்துக்கொண்டு போயின. வீட்டைச் சுற்றி உயரமாகச் சுவர் எழுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்தால் இன்னும் 100 ஆண்டுக்கு வராது என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு, அவ்வளவே. நீங்கள் 30 ஆண்டு குடியிருந்தால் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம். அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்து. காற்று சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கனக்கிறது. மேலே காடு எரிந்திருந்தால் அடுத்த சில மழைக்காலங்களுக்கு இன்னும் கூடுதல் ஆபத்து.

விசிறிக்கு மேலே உள்ள மலைச்சரிவையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்ற இடத்தில் 2014 மார்ச் 22 அன்று சரிந்த மலை 43 உயிர்களைப் பறித்தது. அதே சரிவு 2006லும் இறங்கியிருந்தது. வானிலிருந்து லேசர் கதிரால் அளந்து, மரங்களை நீக்கி வெறும் தரையைக் காட்டும் லைடார் படத்தில், அந்தப் பள்ளத்தாக்கு நெடுகப் பழைய சரிவுகளின் தழும்புகள் தெளிவாகத் தெரிந்தன. உங்கள் பகுதிக்கு அப்படிப் படம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சம உயரக் கோட்டு வரைபடமும் பழைய செயற்கைக்கோள் படங்களும் ஓரளவுக்கு உதவும்.

விசிறி என்றாலே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஓடை வெளியே வரும் வாயை ஒட்டிய உச்சிப்பகுதியும் பழைய தடங்களின் பள்ளமும்தான் மோசம். அடிவிளிம்பில், நுண்மண் மட்டும் படிந்த, சற்று உயர்ந்த மனை என்றால் யோசிக்கலாம். அங்கே வருவது பெரும்பாலும் கலங்கிய தண்ணீர்தான். கையெழுத்துப் போடும் முன் ஒரு நிலவியலாளரை நேரில் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

எப்படியோ குடியேறிவிட்டால் ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடை சட்டென்று வற்றினால் நிம்மதி கொள்ளக்கூடாது. மேலே எங்கோ மண் சரிந்து அடைத்திருக்கிறது, அது உடையப்போகிறது. அந்த நேரத்தில் ஓடை போகும் வழியே கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டைப் பார்த்து ஏறுங்கள்.