மனம் தயாராகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆசை, ஆனால் வேலை முடிந்து வந்தால் போனும் படுக்கையுமாகவே போய்விடுகிறது, மனம் தயாரானதும் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தக் காத்திருப்புதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. ஊக்கம் வந்த பிறகுதான் செயல் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். மனச்சோர்வுச் சிகிச்சையிலேயே இந்த வழி உண்டு: மனநிலை மாறும்வரை பொறுக்காமல், முக்கியமென்று படுகிற சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்ய வைப்பார்கள். 1996-இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒரு பகுதியே, எண்ணங்களை மாற்றும் பயிற்சியும் சேர்ந்த முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது. (தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.)

ஓய்வு தப்பே இல்லை. ஆனால் நள்ளிரவில் போனைக் கீழே வைக்கும்போது களைப்பு போயிருக்கிறதா?

சரி, ஒரே ஒரு தேர்வுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கேள்வியை நிதானமாக வாசித்து, மாணவர் சொல்வதை ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். கை வலிக்கும், பயமாகவும் இருக்கும். அந்தப் பயம், மாணவர் பக்கத்தில் நீங்கள் போய் உட்கார்ந்தால்தான் குறையும். தேர்வுத் தேதியைக் கேட்டதும், உடனே அந்த நாளுக்கு விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.