மண்டி வேலையில இருந்துட்டே பரிசுத்தமா இருக்க முடியுமா?

முடியுங்க. ஈரோட்டு மஞ்சள் மண்டியில எடை போடற வேலைய விட்டாத்தான் பரிசுத்தம் வருமான்னு கேட்டிருக்கீங்க, விட வேண்டியதே இல்ல.

சபையில சினிமா, குடின்னு விலக வேண்டிய லிஸ்டையே கேட்டுக் கேட்டு, பரிசுத்தம்னாலே ஒதுங்கிப் போறதுன்னு மனசுல பதிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

பைபிள்ல லேவியராகமம்ங்கற புத்தகத்தோட 19-ம் அதிகாரத்த ஒரே மூச்சுல படிச்சுப் பாருங்க. 2-ம் வசனத்துல பரிசுத்தரா இருங்கன்னு சொன்ன கர்த்தர், அதே அதிகாரத்துல அறுவடையப்ப வயலோரத்த ஏழைக்கு விடச் சொல்றார், கூலிக்காரன் கூலிய விடியற வரைக்கும் வெச்சிருக்காதேங்கறார், 36-ல தராசும் எடைக்கல்லும் சரியா இருக்கணும்ங்கறார், அது உங்க கையில இருக்கற வேலையேதானுங்க!

ஆனா ஒண்ணு, சரியா எடை போட்டே பரிசுத்தத்த சம்பாதிச்சுடலாம்னு எடுத்துக்காதீங்க, எபிரெயர் 10:10 படி அது இயேசு தன்னையே பலியா குடுத்ததால கெடைச்சது. அப்புறம் முதலாளி எடையக் குறைக்கச் சொன்னா, அங்க மட்டும் வேலை போனாலும் பரவால்லன்னு மாட்டேன்னு சொல்லிருங்க.