வரிக் கடிதம் வந்ததும் வீட்டை விற்க வேண்டுமா? மூத்தோர் கேட்ட கேள்விகள்

சிங்கப்பூரில் சொத்து வரிக் கடிதம் டிசம்பரில் வந்துவிடும். ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் எனக்கு அதிகக் கேள்விகள் வருகின்றன. இம்முறை எழுதியவர்கள் பெரும்பாலும் எழுபது கடந்தவர்கள். வரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்; ஆனால் எழுதியதற்கு நடுவே "இந்த வீட்டிலேயே கடைசிவரை இருக்க முடியுமா?" என்ற பயம் தெரிகிறது. அதை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஈசூனில் நான்கறை வீடு. கடன் எல்லாம் அடைத்தாயிற்று. ஒருநாளும் வாடகைக்கு விட்டதில்லை. பிறகு ஏன் வாடகையை வைத்து வரி போடுகிறார்கள்?

வாங்கிய விலையையோ, இன்று விற்றால் கிடைக்கும் தொகையையோ வைத்து இங்கே வரி போடுவதில்லை. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் மதிப்பிடுகிறது. அதுதான் ஆண்டு மதிப்பு, ஏ.வி என்பார்கள். நீங்கள் குடியிருந்தாலும் வாடகைக்கு விட்டாலும் அந்த மதிப்பு ஒன்றே. மாறுவது வரி விகிதம். சொந்தக்காரர் குடியிருந்தால் விகிதம் மிகக் குறைவு.

அக்கம்பக்கத்தில் வாடகை ஏறினால் உங்கள் ஏ.வியும் ஏறும். 2022ல் மட்டும் தனியார் வீட்டு வாடகை ஏறக்குறைய 30 விழுக்காடு ஏறியதை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் 2025 முதல் வரி வரம்புகளை உயர்த்தியது. முன்பு ஏ.வியில் முதல் 8,000 வெள்ளிக்கு (டாலருக்கு) வரியில்லை. இப்போது முதல் 12,000க்கு இல்லை. அடுத்த 28,000க்கு 4 விழுக்காடு.

ஏ.வி 15,000 என்று வைத்துக்கொள்வோம். 2024ன் கணக்கில் வரி 280 வெள்ளி. 2025ல் 120 வெள்ளி. அவ்வாண்டு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் கொடுத்த 20 விழுக்காட்டுத் தள்ளுபடியைக் கழித்தால் 96. மாதம் 8 வெள்ளி. இதற்காகத் தூக்கம் இழக்காதீர்கள், ஐயா. ஆனால் தள்ளுபடி அந்தந்த ஆண்டுக்கு அறிவிக்கப்படுவது. நிரந்தரம் என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 76 வயது. சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீடு. கணவர் 1978ல் வாங்கினார். போன ஆண்டு தவறிவிட்டார். ஏ.வி 2022ல் 36,000, 2024ல் 48,000. எனக்கு மாதாந்திர மசேநி (மத்திய சேமநல நிதி) தொகை மட்டுமே வருமானம். வரி கட்டி மாளாது, விற்றுவிடுங்கள் என்கிறார்கள் பிள்ளைகள்.

அம்மா, முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022ல் உங்கள் வரி 1,120 வெள்ளியாக இருந்திருக்கும். 2024ல், தள்ளுபடிக்கு முன், 2,280. இரண்டே ஆண்டில் இரட்டிப்பு. பிள்ளைகள் பயந்ததில் நியாயம் உண்டு. வாடகை ஏறியது ஒரு பக்கம், 2023லும் 2024லும் விகிதங்களையும் உயர்த்தினார்கள். ஆனால் அதே 48,000க்கு 2025ல் வரி 1,600. தனியார் வீடுகளுக்கான 15 விழுக்காட்டுத் தள்ளுபடி போக 1,360. மாதத்துக்கு 113 வெள்ளி. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். உங்கள் வருமானத்தில் அது பெரிசுதான். ஆனால் நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்த வீட்டை விற்க அது காரணமாகாது.

மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஏற்பாடு) போட்டால் வட்டியில்லாமல் 12 மாதத் தவணை கிடைக்கும். வருமானம் குறைந்த, ஓய்வுபெற்ற மூத்தோருக்கு 24 மாதத் தவணையும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: இரண்டாம் ஆண்டில் பழைய தவணையின் மேல் புது ஆண்டின் வரியும் வந்து சேரும். கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும், அவ்வளவுதான். எதுவும் செய்யாமல் கெடுவைத் தவறவிட்டால் 5 விழுக்காடு அபராதம்.

அடுத்து, ஏ.வி சரிதானா என்று பாருங்கள். பழைய சமையலறை, பழைய மின்கம்பி, ஒழுகும் கூரை என்று வீடு இருந்தால் புதுப்பித்த பக்கத்து வீட்டின் வாடகை உங்களுக்குக் கிடைக்காது. அப்படியானால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். "எனக்குக் கட்ட முடியவில்லை" என்பது ஆட்சேபத்துக்குக் காரணமாகாது. "இதே தெருவில் இப்படிப்பட்ட வீடு இவ்வளவுக்குத்தான் வாடகைக்குப் போகிறது" என்று காட்ட வேண்டும். முடிவு வரும்வரை வரியைக் கட்டிக்கொண்டே வாருங்கள். குறைத்தால் மிச்சம் திரும்பி வரும்.

மாடியில் ஓர் அறை காலியாக இருந்தால் வாடகைக்கு விடலாம். நீங்கள் அங்கேயே வசிக்கும்வரை குடியிருப்போர் விகிதம் மாறாது. வாடகை வருமானத்துக்கு வருமான வரிக் கணக்குக் காட்ட வேண்டும். செலவுக்கென்று வாடகையில் 15 விழுக்காட்டை ரசீது இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். வீட்டில் ஓர் ஆள் நடமாட்டம் இருப்பதும், தனியே இருக்கும் உங்களுக்கு நல்லதே.

வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். இருவர் பெயரும் கூட்டுரிமையாக இருந்தால் கணவரின் பங்கு உங்களைச் சேர்ந்துவிட்டது; நிலப் பதிவேட்டில் அவர் மறைவைப் பதிவு செய்ய வேண்டும். தனித்தனிப் பங்காக எழுதியிருந்தால் உயிலின்படி நடக்க வேண்டும், அதற்கு வழக்கறிஞர் தேவை. துக்கத்தில் இதைத் தள்ளிப்போட்டுப் பின்னால் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

படி ஏற முடியவில்லை, இரவில் தனியே இருக்கப் பயம் என்றால் அது வேறு கதை. அப்போது மாறுவதை யோசியுங்கள். 2022 செப்டம்பர் 30க்குப் பின் தனியார் வீட்டை விற்றவர்கள் மறுவிற்பனை வீவக வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும். 55 வயதைத் தாண்டியவர்கள் நான்கறை அல்லது அதைவிடச் சிறிய வீட்டுக்குப் போனால் இந்தக் காத்திருப்பு இல்லை. பிள்ளை வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடாகத் தேடுவது நல்லது. அருகில் வசிப்போருக்கான மானியத்துக்குத் தகுதி உண்டா என்று வீவகவிடம் கேளுங்கள். எங்கே போவது என்று உறுதியாகுமுன் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை மட்டும் என் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய உட்லண்ட்ஸ் வீடு பூட்டியே கிடக்கிறது. வரி மாறுமா?

மாறும், நன்றாகவே ஏறும். காலியாக இருக்கும் வீடும் சொந்தக்காரர் குடியிருக்காத வீடுதான். முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு. வரியில்லாத பகுதியே கிடையாது. ஏ.வி 15,000 என்றால் 120 வெள்ளி இருந்த இடத்தில் 1,800. அப்பா நிரந்தரமாகவே அண்ணன் வீட்டுக்கு மாறிவிட்டால் ஆணையத்துக்கு உடனே தெரிவியுங்கள். பின்னால் கண்டுபிடித்தால் நிலுவையோடு கேட்பார்கள்.

கேள்வி: சொத்து வரியை மசேநியிலிருந்து கட்டலாமா?

முடியாது. வங்கிக் கணக்கிலுள்ள பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும்.

கேள்வி: தோ பாயோவில் மூவறை வீடு. நாங்கள் இருவரும் 70ஐத் தாண்டியவர்கள். கோயில், சந்தை, மருந்தகம் எல்லாம் நடக்கிற தூரம். இடம் மாறாமல் கைச்செலவுக்குப் பணம் வேண்டும்.

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் லீஸ் பைபேக் திட்டம், அதாவது வீட்டின் குத்தகைக்காலத்தில் ஒரு பகுதியை வீவகவுக்கே திருப்பி விற்பது. இருவரும் 65ஐத் தாண்டியவர்கள், வேறு சொத்து இல்லை, குறைந்தது 20 ஆண்டுக் குத்தகையை விற்க முடியும் என்றால், குத்தகையின் கடைசிப் பகுதியை வீவகவே வாங்கிக்கொள்ளும். உங்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரையாவது குத்தகை உங்களிடம் இருக்க வேண்டும். வரும் பணம் முதலில் மசேநி ஓய்வுக்காலக் கணக்கை நிரப்பும்; அதிலிருந்து மாதாமாதம் வரும். மூவறை அல்லது அதற்குச் சிறிய வீட்டுக்கு 30,000 வெள்ளிவரை ஊக்கத்தொகையும் உண்டு.

இதில் ஒரு கனமான முடிவு இருக்கிறது. அதன் பிறகு வீட்டை வெளிச்சந்தையில் விற்க முடியாது. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வீடு மிஞ்சாமல் போகலாம். ஆகவே பிள்ளைகளை உட்கார வைத்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை; வீடு உங்களுடையது. சொத்து வரி, நகர மன்றக் கட்டணம் இரண்டும் நீங்களே தொடர்ந்து கட்ட வேண்டும்.

கேள்வி: மகன் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கும்போது கடனுக்காக என் பெயரையும் சேர்த்தான். இப்போது ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) சுமைக்காக அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டுப் பணம் வரவில்லை. ஏ.வி ஏறியதாலா?

ஏ.வியும் ஒரு காரணமாகலாம். 2025ல் ஏ.வி 21,000 வரை உள்ள வீட்டில் வசித்த தகுதியுள்ளோருக்கு 850 வெள்ளி ரொக்கம். 21,000க்கு மேல் 31,000 வரை 450. ஆனால் உங்கள் விஷயத்தில் காரணம் மகனின் கொண்டோவாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சொத்தில் பெயர் இருந்தால் ஏ.வி எவ்வளவாக இருந்தாலும் அந்த ரொக்கம் கிடையாது. லீஸ் பைபேக் வழியும் அடைபட்டுவிடும். பெயரை நீக்குவது பங்கை மாற்றுவதாகும். முத்திரை வரி, வழக்கறிஞர் செலவு வரும், வங்கியும் சம்மதிக்க வேண்டும். அந்தச் செலவையும், நீங்கள் இழப்பதையும் மகனோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூத்தோருக்கு அரசாங்கம் தரும் முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டைச் சலுகைகள் இதனால் போகாது. மருந்தகத்துக்கு அந்த அட்டையைத் தொடர்ந்து கொண்டு போங்கள்.