மாத்திரையை நிறுத்தச் சொல்லும் டாக்டர்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. யூடியூபில் ஒரு டாக்டர் பேசுவதைக் கேட்டு அரிசியைக் குறைத்தார், நல்லதுதானே என்றிருந்தோம். போன மாதம் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். அதே பேச்சைக் கேட்டு என் தங்கை, எட்டு மாதக் குழந்தைக்குத் தடுப்பூசியே வேண்டாம் என்கிறாள். “அவரும் எம்.பி.பி.எஸ். படித்தவர்தானே, மற்றவர்கள் மறைப்பதைச் சொல்கிறார்” என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாரும் சொல்வதற்கு மாறாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒரு டாக்டரைத் தள்ளிவிட முடியாது. அதற்கு நம் வேலூரே சாட்சி.

1946இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, மரத்துப்போன கையில் காயம் படுவது தெரியாததால்தான் போகின்றன என்றார். அன்றைக்கு அது விபரீதமான பேச்சு. ஆனால் பேச்சோடு விடவில்லை. ஒவ்வொரு புண்ணும் எப்படி வந்தது என்று துருவினார். இரவில் விழித்திருந்து பார்த்தால், தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருக்கிறது, அவர் அசையவே இல்லை. அப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

தடுப்பூசிக்கும் ஓர் ஆள் உண்டு. அதே சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்கு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 1972இலேயே எழுதினார். குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, ஆய்விதழில், தன்னை மறுக்கக்கூடியவர்கள் முன்னால் எழுதினார். மருந்தே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கூடுதல் தவணை கேட்டார், ஊசி மருந்து கேட்டார். 2015இல் அரசு போலியோ ஊசியையும் சேர்த்தது.

உங்கள் அப்பாவின் டாக்டர் யாரிடம் பேசுகிறார்? சோதித்துப் பார்க்க வழியில்லாத உங்கள் அப்பாவிடம். மாத்திரையை விட்டவர்களுக்கு ஒரு வருடம் கழித்து என்ன ஆயிற்று என்று கணக்கு வைத்திருக்கிறாரா? தேறியவர் வீடியோவில் வந்து கும்பிடுவார். கால் போனவர் வரமாட்டார்.

என் தாய்மாமன் அப்படி வராத ஒருவர். மாத்திரையை விட்ட இரண்டாம் வருடம், செருப்பில் ஏறிய ஆணியோடு காட்பாடி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். திண்ணையில் ரத்தச் சுவட்டைப் பார்த்து அத்தைதான் அலறினார்; சர்க்கரையால் பாதம் மரத்துப்போன மாமா, யாருடைய ரத்தம் என்று கேட்டார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். இப்போது எம்.சி.ஆர். செருப்பு போட்டு நடக்கிறார். தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்காக வந்த செருப்பு அது.

அரிசியைக் குறைத்ததற்காக அப்பாவைத் திட்டாதீர்கள். அதனால் சர்க்கரை குறையும். சிலருக்கு மாத்திரையும் குறையும், ரத்தத்தைப் பார்த்து, டாக்டர் குறைத்தால். “நீங்கள் சொல்வது சரியா என்று பார்த்துவிடலாம்” என்று இந்த வாரமே அவரை வழக்கமான டாக்டரிடம் கூட்டிப்போய், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள். பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்பது தங்கையின் பயமாக இருந்தால், அதைக் கிளப்பிவிட்ட பிரிட்டிஷ் டாக்டர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் அதை வெளியிட்ட ஆய்விதழே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் அவர் டாக்டர் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டார். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசியின் முதல் தவணை. விட்டுப்போனவற்றில் எதெதை இப்போது போடலாம் என்று செவிலியர் சொல்வார். புதன்கிழமை அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.