அம்மாவின் கையில் சென்சார்: ஓராண்டுப் பணத்தையும் இப்போதே கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். கையில் ஒட்டிச் சர்க்கரை அளவைப் பார்க்கும் சென்சார், செயற்கை நுண்ணறிவுச் செயலி, உணவு ஆலோசகர் எல்லாம் சேர்ந்த ஓராண்டுத் திட்டத்தை எடுக்கச் சொல்லி ஒரு நிறுவனம் தினமும் போன் செய்கிறது. முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். குத்தாமலே சர்க்கரை காட்டும் கைக்கடிகார விளம்பரமும் வருகிறது. எதை வாங்கலாம்?

பதில்: கைக்கடிகாரம் வேண்டவே வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

சென்சார் அப்படியல்ல. இன்சுலின் போடுபவருக்கு, அதுவும் தனியாக இருப்பவருக்கு, நிஜமாகவே உதவும். ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். ஒட்டிய கையை அழுத்திப் படுத்தாலும் தவறாகக் குறைத்துக் காட்டும். என் மாமியாருக்கு ஒருநாள் இரவு இரண்டரை மணிக்கு அலாரம் அடித்தது. திரையில் 58. பதறிப்போய் எழுப்பி விரலில் குத்திப் பார்த்தால் 112. சென்சார் இருந்த இடது கையின் மேலேயே படுத்திருந்தார். அதனால் குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். சர்க்கரை இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் மட்டும் குத்திப் பார்க்கக் காத்திருக்காமல் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்து அறையில் இருந்தோம். உங்கள் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? அவர் போனில் ப்ளூடூத் அணைந்தாலோ ரீசார்ஜ் தீர்ந்தாலோ பெங்களூரில் உங்களுக்கு எதுவும் தெரியாது. '24 மணி நேரக் கண்காணிப்பு' என்கிறார்களே, சர்க்கரை இறங்கினால் ஒரு மனிதர் கூப்பிடுவாரா, செயலி செய்தி அனுப்புவதோடு சரியா என்பதை எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவி கொடுத்து வையுங்கள். செயலி என்ன சொன்னாலும் இன்சுலின் அளவை மாற்றுவது அவருடைய டாக்டர்தான்.

ஓராண்டுப் பணத்தை இப்போது கட்டாதீர்கள். டாக்டரிடம் கேட்டு ஒரே ஒரு சென்சார் வாங்குங்கள். பெரும்பாலும் இரண்டு வாரம் வரும். ஒட்டிய இடம் அரிக்கிறதா, அம்மாவுக்குப் போனைக் கையாள வருகிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் திட்டத்தில் சேர்வதானால், சென்சார் பாதியில் கழன்றாலோ பழுதானாலோ மாற்றித் தருவார்களா, இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை ஏற்கெனவே பணம் கட்டி, சொன்ன சேவை கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.