தாலினில் வீட்டுக்கடன், திருப்பூரில் அண்ணன்

கேள்வி: எஸ்டோனியாவின் தாலின் நகரில் ஐ.டி. வேலை பார்க்கிறேன். கைக்கு மாதம் 2,600 யூரோ வருகிறது. 2021இல் 1,30,000 யூரோ கடன் வாங்கி வீடு வாங்கினேன். இங்கே மூன்று வருடமாக மந்தம். வரி ஏறுகிறது, கூட்டணி உடைகிறது, என் கம்பெனியிலும் ஆள் குறைக்கிறார்கள். திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் அண்ணனுக்காக மூன்று முறை சிறுகடன் எடுத்து அனுப்பினேன். 15,000 யூரோ பாக்கி, வட்டி சராசரி 15 சதவீதம். இப்போது இன்னொரு 5,000 கேட்கிறார். வீட்டை விற்றுவிடலாமா? சேமிப்பில் இருக்கும் 6,000 யூரோவை 12 சதவீதம் தரும் பி-டு-பி தளத்தில் (நம் பணத்தை ஆன்லைனில் பிறருக்குக் கடனாகக் கொடுக்கும் தளம்) போடலாமா?

பதில்: நாட்டைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. உக்ரைன் போருக்குப் பிறகு மின்சார விலை எகிறியது, ரஷ்ய மரமும் இரும்பும் நின்றுபோயின, பின்லாந்திலும் ஸ்வீடனிலும் கட்டுமானம் படுத்ததால் ஏற்றுமதி சரிந்தது. 2023இல் பொருளாதாரம் 3 சதவீதம் அளவுக்குச் சுருங்கியது, 2024லும் எழுந்திருக்கவில்லை. காயா கல்லாஸ் போய் 2024 ஜூலையில் கிறிஸ்டன் மிகல் பிரதமரானார். அடுத்த மார்ச்சில் சமூக ஜனநாயகக் கட்சி கூட்டணியிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆனால் இதே நாடு 2009இல் ஒரே ஆண்டில் 14 சதவீதத்துக்கும் மேல் சுருங்கி, சம்பளங்களை வெட்டி, 2011இல் யூரோவுக்குள் நுழைந்தது. அரசின் கடன் இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. பக்கத்தில் ரஷ்யா இருப்பதால் ராணுவச் செலவு குறையப் போவதில்லை, ஆகவே வரியும் பெரிதாக இறங்காது. 2027 மார்ச் தேர்தலில் யார் வந்தாலும் இதுதான் நிலை.

சரி, இந்த வரி உங்களிடமிருந்து எவ்வளவு எடுத்தது? மதிப்புக்கூட்டு வரி 20இலிருந்து 24 ஆனது. மாதம் 1,000 யூரோ செலவு செய்பவருக்கு 33 யூரோ கூடுதல். வருமான வரி 2025இல் 22 ஆனதில் ஏறக்குறைய 65 போயிருக்கும். இரண்டும் சேர்ந்து சுமார் 100. 2026 ஜனவரி முதல் எல்லோருக்கும் மாதம் 700 யூரோ வரை வரி இல்லை. உங்கள் சம்பளத்துக்கு அதற்கு முன் அந்தச் சலுகை கிடையாது, அதிலிருந்து மாதம் 154 யூரோ கையில் மிஞ்சும். வீட்டுக்கடனும் அப்படித்தான். நீங்கள் வாங்கியபோது யூரிபோர், அதாவது வீட்டுக்கடன் வட்டியோடு ஏறி இறங்கும் ஐரோப்பிய வங்கிகளின் அடிப்படை வட்டி, பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. அதற்கு மேல் வங்கி வைக்கும் 1.9 சதவீதம் மட்டும் கட்டினீர்கள், தவணை 470. 2023 கடைசியில் 760 வரை போனது. இப்போது 620 பக்கம் இறங்கியிருக்கிறது.

அண்ணனுக்காக வாங்கிய கடனுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் தெரியுமா? ஐந்து வருடக் கணக்கில் 357 யூரோ. முதல் ஆண்டின் வட்டி மட்டும் 2,000 யூரோவுக்கு மேல். உங்களை அமுக்குவது இந்த 357தான். இதை நீங்கள் மந்தத்தின் கணக்கில் எழுதிவைத்திருக்கிறீர்கள்.

அண்ணன் அனுப்பிய வாட்ஸப் செய்திகளையும் இணைத்திருந்தீர்கள். மூன்று முறையும் ஒரே வரி: "பார்ட்டி பேமென்ட் வந்ததும் ரெண்டு மாசத்துல திருப்பிடறேன்." அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. 2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் பட்ட பாடு நிஜம். ஆனால் ஒரு யூரோ நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து, நீங்கள் அனுப்பும் 5,000 அங்கே ஐந்து லட்சமாகப் போய் இறங்குகிறது. அது 15 சதவீத வட்டியில் வாங்கிய பணம் என்பது அண்ணனுக்குத் தெரியுமா? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

வேலை போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆட்குறைப்பில் போனால் வேலையின்மைக் காப்பீட்டு நிதி முதல் 100 நாள், பிடித்தத்துக்கு முந்தைய பழைய சம்பளத்தில் 60 சதவீதம் தரும், பிறகு 40. அந்த 40 வரும்போது கைக்கு 1,230 யூரோ போல வரும். வீட்டுத் தவணையும் சிறுகடன்களும் சேர்ந்து 977. மீதி 250இல் சாப்பாடு, தாலின் குளிருக்கு ஹீட்டிங் பில். சிறுகடன் இல்லையென்றால் மீதி 600. சிரமம்தான், ஆனால் ஓட்டலாம்.

அதனால் நாலாவது கடன் வேண்டாம். ஆயிரம் கூட வேண்டாம்.

பி-டு-பி-யும் வேண்டாம். 2020 ஜனவரியில் எஸ்டோனியாவில் இயங்கிய இரண்டு தளங்கள் ஒரே மாதத்தில் மூடிக்கொண்டன, பணம் போட்டவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மந்தத்தில் முதலில் தவணை தவறுபவர்கள் அங்கே கடன் வாங்கியவர்கள்தான். எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் சேமிப்பில் பாதி, 3,000 போட்டால் வரி போக வருடம் 280 யூரோதான் வரும். உங்கள் மூன்று கடனில் 3,000 பாக்கியுள்ள ஒன்றுக்கு 18 சதவீதம் வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடைத்தால் வருடம் 540 மிச்சம். நுகர்வோர் கடனை முன்கூட்டியே அடைக்கும் உரிமை ஐரோப்பியச் சட்டத்திலேயே இருக்கிறது, கட்டணம் அதிகம் போனால் ஒரு சதவீதம். 6,000இல் பாதியை அதற்குக் கொடுங்கள், மறுபாதியைத் தொடாதீர்கள். ஜனவரியிலிருந்து வரும் 154ஐ அப்படியே அடுத்த கடனில் சேர்த்துக் கட்டுங்கள். வீட்டை விற்க வேண்டாம், இப்போது அவசரமே இல்லை.

அண்ணனைக் கைவிடச் சொல்லவில்லை. அவர் உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறுதொழில் பதிவு, செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் ஜாப் ஒர்க் கொடுத்த பார்ட்டி 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தவறினால் வட்டியோடு கேட்கச் சட்டம் இருக்கிறது. அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கேட்கவும் அந்தப் பதிவு உதவும். பில்களை அனுப்பச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவரோடு உட்கார்ந்து யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு ஐந்து லட்சத்தைவிட உதவும்.

ஆனால் அதற்கு முன்னால் அம்மாவிடம் நீங்களே பேசிவிடுங்கள், வட்டி விவரத்தோடு. அண்ணன் வழியாகப் போனால் "தம்பி தர மாட்டேன்னுட்டான்" என்பது மட்டும்தான் போய்ச் சேரும்.